புதுப்பிப்பு: அப்பளமாக நெளிந்த சதுரத் தோடு

பெயோட்டி தையலில் (ஊசி நூலால் சிறு மணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பின்னும் முறை) பின்னிய சதுரத் தோடு பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது, நூலை அதிகம் இறுக்கிவிட்டேனா என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா? நூல் பாவம். கணக்குதான் தப்பு.

நான் எடுத்தது முக்கோணத்துக்கான முறை. ஒவ்வொரு சுற்றிலும் மூலைக்கு 2 மணி சேர்ப்போம். அந்த வேகத்தில் ஒரு பக்கம் மையத்தைச் சுற்றி ஏறக்குறைய 120 பாகை இடம் பிடிக்கும். மூன்று பக்கம் என்றால் 360, தட்டையாகப் படுத்துவிடும். நான் நான்காவதையும் திணித்தேன். 480 பாகை எங்கே போகும்? மேலும் கீழுமாக மடங்கத்தான் செய்யும்.

சரி என்று ஒன்றைப் பிரித்து, அதே மியூக்கி டெலிகா 11/0 மணியில் (உருளை வடிவப் பொடி மணி, 11/0 அதன் அளவு) இரண்டு முக்கோணம் பின்னினேன். மேசையில் வைத்து விரலால் தட்டினால் ஆடவே இல்லை. இரண்டையும் ஒரு விளிம்பில் ஜிப் போலக் கோத்தேன். ஒன்றில் ஒரு சுற்று குறைவாக இருந்தால்தான் பற்கள், அதாவது விளிம்பில் துருத்தி நிற்கும் மணிகள், பொருந்தும். இது தெரியாமல் ஒரு மாலை வீண். சதுரம் கேட்டு சாய்சதுரம் கிடைத்தது, காதுக்கு அழகாகத்தான் இருக்கிறது.

நெளிந்த இன்னொன்றைப் பிரிக்கவில்லை. வேண்டுமென்றே அப்படிப் பின்னுகிறவர்களும் இருக்கிறார்கள், ‘வார்ப்டு ஸ்கொயர்’ (நெளிந்த சதுரம்) என்று பெயரே உண்டு. தங்கை பதக்கமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.