சுற்றுக்குச் சுற்று பின்தங்கும் வேக எண்: கேமராவா, ஜிபிஎஸ்ஸா?

ஈசூன் ஓட்டுநர்

வணக்கம். போன சனிக்கிழமை மலேசியாவின் செப்பாங் பந்தயத் தளத்தில் ஓட்டிய பதிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சாதாரண சாலைக் கார்தான். இருக்கைகளுக்கு இடையே ஒரு சிறிய கேமரா, டேஷ்போர்டின் மேல் 10 ஹெர்ட்ஸ் (வினாடிக்குப் பத்து முறை இடத்தைக் குறிக்கும்) ஜிபிஎஸ் கருவி. அது புளூடூத் வழியாகக் கைப்பேசியில் ரேஸ்குரோனோ செயலிக்குத் தகவல் அனுப்புகிறது. வீட்டுக்கு வந்ததும் கணினியில் வேறொரு மென்பொருளைக் கொண்டு வீடியோவின் மேல் வேகத்தையும் சுற்று நேரத்தையும் ஏற்றினேன்.

முதல் வேகச் சுற்றில் எல்லாம் சரி. பின்நேர்பாதையின் முடிவில், 15ஆம் திருப்பத்துக்கு முன்னால், இன்னும் 150 மீட்டர் என்று காட்டும் பலகையருகே பிரேக் மிதிக்கிறேன். காரின் மூக்கு தாழ்கிறது, எண்ணும் உடனே இறங்குகிறது. ஆறாவது சுற்றில் அதே இடத்தில் மூக்கு தாழ்ந்த பிறகும் திரையில் மணிக்கு 190 கிலோமீட்டர் அசையாமல் நிற்கிறது. 100 மீட்டர் பலகையை நெருங்கும்போதுதான் இறங்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரு வினாடி தாமதம்.

இன்னொன்று. காரில் சுற்று நேரம் அளக்கும் வாடகை டிரான்ஸ்பாண்டரும் இருந்தது. என் சிறந்த சுற்று அதில் 2:45.36, ஜிபிஎஸ்ஸில் 2:45.31. எதை நம்புவது? எதை நம்பினாலும் பெட்ரோல் செலவு ஒன்றுதான் என்கிறார் வீட்டுக்காரி.

ஜூரோங் மேற்கு

புளூடூத் தாமதம். மென்பொருளில் வீடியோவை ஒரு வினாடி நகர்த்துங்கள், சரியாகிவிடும்.

காக்கி புக்கிட் பட்டறை

நகர்த்தினால் ஆறாவது சுற்று சரியாகும், முதல் சுற்று கெட்டுப்போகும். தம்பி எழுதியதை முழுவதும் படித்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

புளூடூத் தாமதம் என்றால் எல்லாச் சுற்றிலும் ஒரே அளவாக இருக்கும். இங்கே தாமதம் வளர்கிறது. அப்படியானால் வீடியோவும் ஜிபிஎஸ்ஸும் வெவ்வேறு வேகத்தில் நேரத்தை எண்ணுகின்றன என்று பொருள். கேமராவில் வினாடிக்கு 30 ஃபிரேம் (படச்சட்டம்) என்று போட்டிருக்கும். உள்ளே பதிவது பெரும்பாலும் 29.97 ஃபிரேம். மென்பொருள் அதை 30 என்றே எண்ணினால் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்குத் தரம் வகுத்தபோது ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தப் பழைய கணக்கு இன்றுவரை நம் கேமராக்களில் உட்கார்ந்திருக்கிறது.

ஆயிரத்தில் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. 20 நிமிட ஓட்டம் என்பது 1200 வினாடி, அதில் 1.2 வினாடி போய்விடும். 2 நிமிடம் 45 வினாடி ஓடும் சுற்றுக்கு 0.165 வினாடி. ஆறு சுற்றுக்குப் பெருக்கிப் பாருங்கள். உங்கள் பலகைக் கணக்கும் இதனோடு ஒத்துப்போகிறது: 190 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடியில் 53 மீட்டர் ஓடிவிடும்.

சோதிப்பதற்குச் செப்பாங் வரை போக வேண்டியதில்லை. வானம் திறந்திருக்கும் இடத்தில் ஜிபிஎஸ் நேரம் காட்டும் கைப்பேசித் திரையை அதே கேமராவால் 20 நிமிடம் படம்பிடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் திரையில் தெரியும் நேரத்தை, மென்பொருள் காட்டும் வீடியோ நேரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 1.2 என்று வந்தால் மென்பொருளில் 29.97 என்று மாற்றினால் போதும். அடுத்த முறை கேமராவையே 25 அல்லது 50 ஃபிரேமில் வையுங்கள். அவை முழு எண்கள், இந்த வில்லங்கம் கிடையாது. இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பிட் கொட்டகை (பந்தயத் தளத்தில் காரை நிறுத்தும் இடம்) விளக்குகளும் படத்தில் சிமிட்டாது.

தாமதம் சீராக வளராமல் ஓரிடத்தில் திடீரென்று எகிறினால் அது வேறு கதை. கேமரா நீண்ட பதிவைப் பல கோப்புகளாக வெட்டிச் சேமிக்கும். ஒட்டும் இடத்தில் சில ஃபிரேம்கள் விழுந்திருக்கலாம். அச்சாக 18 வினாடி தள்ளி நின்றால் லீப் வினாடியை (உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் வினாடி) பாருங்கள். ஜிபிஎஸ் நேரம் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. 2017 தொடக்கத்திலிருந்து உலக நேரத்தைவிட 18 வினாடி முன்னால் ஓடுகிறது.

ரேஸ்லாஜிக்கின் விபாக்ஸ் வீடியோ போன்றவற்றில் கேமராப் படமும் ஜிபிஎஸ்ஸும் ஒரே பெட்டியில் பதிவாவதால் இந்தத் தொல்லை இல்லை. விலையைக் கேட்டால் வேறு தொல்லை.

பொங்கோல் கார்ட்

டிரான்ஸ்பாண்டர் பற்றி நான் சொல்கிறேன். முதலில், உங்கள் சுற்று நேரம் வீடியோவிலிருந்து வரவில்லை. படம் எவ்வளவு பின்தங்கினாலும் 2:45.31 மாறாது.

180 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 50 மீட்டர் போகிறது. 10 ஹெர்ட்ஸ் கருவிக்கு 5 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். சுற்று தொடங்கி முடியும் கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி. இடையில் கோட்டைத் தொட்ட நொடியைச் செயலி கணக்கிட்டுக்கொள்கிறது. இந்தக் கணக்கு நன்றாகவே வரும். பிழை வருவது புள்ளியின் இடத்தில். ஒரு மீட்டர் பிசகினால் அந்த வேகத்தில் 0.02 வினாடி. சுற்றின் தொடக்கத்தில் ஒரு பிசகு, முடிவில் ஒரு பிசகு என்றால் ஏறத்தாழ உங்கள் 0.05 வந்துவிடும். தரையில் புதைத்த கம்பிக்கு மேல் ஓடும் டிரான்ஸ்பாண்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. முடிவு அறிவிக்க அதை நம்புங்கள். எங்கே நேரம் போனது என்று தேட ஜிபிஎஸ்ஸை நம்புங்கள்.

செயலியில் அந்தக் கோட்டை எங்கே போட்டிருக்கிறீர்கள்? திருப்பத்துக்குள் வேண்டாம். 15ஆம் திருப்பத்தில் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போனால் அதே ஒரு மீட்டர் பிழை 0.067 வினாடியாகப் பெருகும். கார் வேகமாகப் போகும் இடமே நல்லது. ஆனால் செப்பாங்கின் பிரதான நேர்பாதையில் ஒரு பக்கம் பார்வையாளர் மேடையின் பெரிய கூரை, மறுபக்கம் பிட் கட்டடம். சிக்னல் அவற்றில் பட்டுத் திரும்பி வரலாம். நான் சுற்றைப் பகுதிகளாகப் பிரிக்கும் கோடுகளைப் பின்நேர்பாதையில் வைப்பேன். கோட்டை அகலமாகவும் இழுக்காதீர்கள். பிட் பாதைக்குள் நுழைந்தாலும் சுற்று முடிந்ததாக எண்ணிவிடும்.

ஈசூன் ஓட்டுநர்

ஐயா சொன்ன சோதனையை நேற்றிரவு எங்கள் புளோக்கின் பலமாடி கார் நிறுத்துமிட மேல்தளத்தில் செய்தேன். ஒரு கைப்பேசியை இன்னொரு கருவியால் 20 நிமிடம் படம்பிடிப்பவனைப் பார்த்து, நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் இரண்டு முறை சுற்றிவந்து விசாரித்தார். முடிவில் 1.2 வினாடிதான். மென்பொருள் தானாகவே 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 29.97 என்று மாற்றியதும் ஆறாவது சுற்றில் மூக்கும் எண்ணும் சேர்ந்தே இறங்குகின்றன. கோட்டையும் நகர்த்தப்போகிறேன்.

முன்கண்ணாடியில் வெப்பத் தடுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. அதனால் ஜிபிஎஸ் பாதிக்குமா?

காக்கி புக்கிட் பட்டறை

உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் என்றால் பாதிக்கும், செராமிக் என்றால் கவலையில்லை. எத்தனை செயற்கைக்கோள் பிடிக்கிறது என்று செயலியில் தெரியும். ஒருமுறை கருவியைக் கூரை மேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் காந்த ஆன்டெனா வாங்கிக் கூரையில் வையுங்கள், கம்பியைக் கதவு ரப்பருக்கு அடியில் கொண்டுவரலாம்.

இப்போது எண் சரியாகிவிட்டதால் கேட்கிறேன்: சாலைக் காரில், 190இல், 150 மீட்டர் பலகை வரை பிரேக் மிதிக்காமல் போகிறீர்களா? பிரேக் திரவம் எப்போது மாற்றினீர்கள்?