‘தி பேட் கைஸ்’ அனிமேஷன் படத்தை 7 வயதுப் பையனோடு பார்க்கலாமா?

கேள்வி: திருட்டு விலங்குகளின் கூட்டத்தைத்தான் நாயகர்களாகக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால்தான் கொஞ்சம் தயக்கம். திருடுவது ஜாலியான வேலை என்று பையன் நினைத்துவிட மாட்டானா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தாராளமாகப் பார்க்கலாம். கலைக்கூட விழாவில் ஓநாய் ஒரு பாட்டியின் கைப்பையைத் திருடப் போகும், அந்த நேரம் பார்த்து பாட்டி படியில் தடுமாற, பிடித்துக் காப்பாற்றிவிடும். பாட்டி கட்டிப்பிடித்து ‘நல்ல பிள்ளை’ என்றதும் அதன் வால் தானாக ஆட ஆரம்பிக்கும் பாருங்கள், படமே அந்த வாலில்தான் இருக்கிறது! என் பெண் அந்த இடத்தை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னாள்.

பதில் 2: எனக்குப் பிடித்தது பாம்பு. ஓநாய் மாதிரி சட்டென்று மாறாது, அடம்பிடிக்கும், நண்பனிடமே கோபித்துக்கொள்ளும். திருந்துவது அவ்வளவு லேசில்லை என்பதை அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அப்புறம், நல்லவர்கள் என்று ஊரே கொண்டாடுகிறவர்களையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், இதற்கு மேல் சொன்னால் கதை போய்விடும்.

பதில் 3: ஆரோன் பிளேபி எழுதிய ஆஸ்திரேலியப் புத்தக வரிசைதான் மூலம், படிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு அதையும் வாங்கிக் கொடுக்கலாம். படம் 2022, இரண்டாம் பாகம் 2025. பிரானா மீன் பதற்றத்தில் வாயு விடும், அதற்குத்தான் பையன் அதிகம் சிரிப்பான்.

கேட்டவர்: சரி, இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுவிடுகிறேன். நன்றி.