புதுப்பிப்பு: எம்.ஜி.பி. பேரிங் பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அப்பா விட்டுப்போன 1965 எம்.ஜி.பி. (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்)க்கு மெயின் பேரிங் (இஞ்சினின் சுழல் தண்டைத் தாங்குவது) வாங்கினால் பெட்டியில் 5 ஜோடி, இஞ்சினைத் திறந்தால் 3 இடம்தான். கடைக்காரர் தப்பாகக் கொடுத்துவிட்டார் என்று திட்டியும் வைத்தேன். அவர் மேல் தப்பில்லை, மன்னிக்கணும்.

"ஒர்க்‌ஷாப் மேனுவலை விடு, கம்பெனியின் ஒரிஜினல் பார்ட்ஸ் புத்தகத்தைத் தேடு" என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. டர்பனில் ஒரு பழைய மெக்கானிக் தாத்தாவிடம் கிடைத்தது. கிரீஸ் படிந்து பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. எப்படிக் கழற்றுவது என்று அதில் ஒரு வரி கிடையாது. பிரித்துப் போட்ட படம், எண், எந்த இஞ்சின் நம்பரிலிருந்து எந்தச் சாமான் மாறியது, அவ்வளவுதான்.

இஞ்சின் பிளாக்கில் ரிவெட் அடித்த நம்பர் தகட்டை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். 18ஜிஏ வகை! புத்தகத்தின்படி அது 3 பேரிங் இஞ்சின். 1964 கடைசியில் வந்த 18ஜிபியில்தான் 5; 1965 காரில் அதுதான் இருந்திருக்கணும். யாரோ எப்போதோ பழைய இஞ்சினை மாற்றி வைத்திருக்கிறார்கள். அப்பா மூச்சே விடவில்லை!

சரியான செட் வந்து மாட்டியாச்சு. இனி கார்புரேட்டர். தாத்தா புத்தகத்தைத் தர மாட்டாராம், படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.