பதவுரையா, பதிவுச்சொல்லா? சைகை மொழித் தரவகத்துக்கான ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம். சைகை மொழி ஆய்வில் ஒரு சைகைக்கு அடையாளமாக எழுதும் பேச்சுமொழிச் சொல்லை ஆங்கிலத்தில் ‘கிளாஸ்’ (gloss) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் இப்படி ஒரு கேள்வி வந்தது:

> ‘கிளாஸ்’ என்பதற்குப் பதவுரை என்ற சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறதே, புதிதாக ஏன் தேடவேண்டும்?

நியாயமான கேள்விதான். அதை அப்படியே ‘கிளாஸ்’ என்று எழுதினால் வகுப்பு என்றோ கண்ணாடிக் குவளை என்றோதான் படிப்பார்கள் என்பதால் தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மொழியியல் கட்டுரையில் வேற்றுமொழி வாக்கியத்துக்குக் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் தரும் வரிக்குப் பதவுரையைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் சைகை மொழித் தரவகத்தில், அதாவது ஆய்வுக்காகத் திரட்டிக் குறிப்பேற்றிய காணொளிகளின் தொகுப்பில், அதே ஆங்கிலப் பெயரால் வழங்குவது உரையே அன்று. பொருள் சொல்வது அதன் வேலையும் அன்று.

காது கேளாதோர் ஆய்வில், குறிப்பாகத் தரவகம் சார்ந்த பகுதியில் இருப்பவரின் வேலைநேரம் பெரும்பாலும் காணொளிக்கு முன்னால்தான் கழிகிறது. இருவர் எதிரெதிரே அமர்ந்து சைகை மொழியில் உரையாடிய பதிவை, நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கிய எலான் மென்பொருளில் திறந்து, சட்டகம் சட்டகமாக நகர்த்தி, கை ஒரு வடிவத்தை ஏற்கும் கணத்தையும் அதைக் கைவிடும் கணத்தையும் குறித்து, இடைப்பட்ட அந்தத் துண்டுக்கு ஒரு சொல்லை இடவேண்டும். இக்குறிப்புகள் காணொளியோடு இணைந்து ஓடும் வரிகளில், அதாவது அடுக்குகளில், அமையும்: வலக்கைக்கு ஓர் அடுக்கு, இடக்கைக்கு ஓர் அடுக்கு. புருவத்துக்கும் வாய்க்கும் தலையசைவுக்கும் தனித்தனி அடுக்குகள். எல்லாவற்றுக்கும் கீழே மொழிபெயர்ப்புக்கு ஓர் அடுக்கு. ஒரு நிமிடப் பதிவை முடிக்க மணிக்கணக்காகும். (பங்கேற்றவர்களின் முகத்தை மறைத்துவிடக் கூடாதா என்று இத்துறைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பதுண்டு. பல சைகை மொழிகளில் வினாவைக் காட்டுவதே புருவம்தான் என்பதால், முகத்தை மறைத்த பதிவு விகுதிகளை அழித்துவிட்டுக் கொடுத்த செய்யுளைப் போலத்தான் பயன்படும்.)

அந்தத் துண்டுக்கு இடும் சொல்தான் நம் விவாதப் பொருள். ஆஸ்திரேலியக் காது கேளாதோரின் மொழியான ஆஸ்லானுக்குத் தரவகம் அமைத்த டிரெவர் ஜான்ஸ்டன் இதற்கு ஒரு கண்டிப்பான நெறியை வலியுறுத்தினார்: ஒரு சைகை எந்த இடத்தில் எந்தப் பொருளில் வந்தாலும் அதற்கு ஒரே சொல்லைத்தான் இடவேண்டும். ஒரு சைகை ஓரிடத்தில் வேலை என்றும், மற்றோரிடத்தில் உழைப்பது என்றும், வேறோரிடத்தில் அலுவலகம் என்றும் பொருள்படுவதாகக் கொள்வோம். பதவுரை எழுதுபவர் மூன்று இடத்திலும் மூன்று சொற்களை எழுதுவார், எழுதவும் வேண்டும். தரவகத்திலோ மூன்றும் ‘வேலை’தான். இல்லையேல் அந்தச் சைகை எத்தனை முறை வந்தது என்று எண்ணக்கூட முடியாது. இரண்டு பேர் குறிப்பேற்றிய கோப்புகளை ஒப்பிடவும் முடியாது. அங்கே அந்தச் சொல் ஒரு கைப்பிடி, அவ்வளவே.

பதவுரை என்ற பெயரை நான் அஞ்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவே எனக்கு முதன்மையானது. ‘நேற்று புத்தகம் நான் படி முடி’ என்று ஒரு வரி அச்சில் வந்து, அதற்குப் பதவுரை என்று பெயரும் இருந்தால், சைகை மொழி அறியாத வாசகர் அதை அம்மொழியின் உண்மையான உருவம் என்று நம்பிவிடுவார். காலத்தையும் எண்ணையும் முகத்தாலும் இடத்தாலும் அசைவாலும் காட்டும் ஒரு மொழி, அவர் கண்ணுக்கு விகுதி உதிர்ந்த ஓட்டைத் தமிழாகத் தெரியும். வில்லியம் ஸ்டோக்கி 1960இல் அமெரிக்கச் சைகை மொழியின் அமைப்பை விளக்கி எழுதும்வரை அம்மொழியை முழுமையான மொழியாகக் கல்வியுலகம் கருதவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு கலைச்சொல்லின் மூலம் அந்தப் பழைய எண்ணத்துக்கு நாமே வழிவிடலாகாது என்பது விளங்கும். 1965இல் ஸ்டோக்கி, காது கேளாதவர்களான டோரதி காஸ்டர்லைன், கார்ல் குரோனெபர்க் ஆகியோருடன் வெளியிட்ட அகராதி, ஆங்கில அகரவரிசையை விட்டுவிட்டுக் கைவடிவம், இடம், அசைவு ஆகியவற்றுக்கான குறியீடுகளின்படியே சைகைகளை அடுக்கியது. அதுவே நேர்மையான வழி. ஆனால் ஆயிரக்கணக்கான துண்டுகளை விரைந்து தட்டச்சிடுவதற்கு அது உதவாது என்பதால்தான் பேச்சுமொழிச் சொல்லைக் கடன் வாங்குகிறோம்.

இதுவரை வந்த பரிந்துரைகளுள் குறிச்சொல், இணையத்தில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. சுட்டுச்சொல் என்றால் அ, இ, உ நினைவுக்கு வரும். சைகை மொழிகளில் விரலால் சுட்டுவதே ஒரு பெரிய இலக்கணப் பகுதியாக இருக்கையில் அந்தச் சொல்லை இங்கே செலவழிக்கக் கூடாது. இடுகுறி அழகானது, நன்னூல் மணமும் உடையது. ஆயினும் சைகைகளுள் எவை இடுகுறித்தன்மை உடையவை, எவை உருவ ஒப்புமையால் அமைந்தவை என்பதே இத்துறையின் நெடிய விவாதம் என்பதால், ‘இடுகுறி அல்லாத சைகைக்கு இடுகுறி’ என்றெல்லாம் எழுத நேரிடும். இடுபெயர் என்பதில்தான் எனக்கு மனம் சாய்ந்தது. ஆனால் காது கேளாதோர் சமூகங்களில் ஒவ்வொருவருக்கும் சைகையாலேயே பெயரிடும் வழக்கம் உண்டு. அந்தப் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளாமல் சமூகத்திடமிருந்து பெறுவதே பெரும்பாலும் வழக்கம். இடுபெயர் என்ற சொல் அதற்கே உரியது, அதற்காக அதை ஒதுக்கி வைக்கலாம்.

எனவே பதிவுச்சொல் என்பதை முன்வைக்கிறேன். அகராதியில் ஒரு சைகை எந்தச் சொல்லின்கீழ் பதிவாகியிருக்கிறதோ அந்தச் சொல் என்று பொருள் நேராக விளங்கும்; பதிவுச்சொல் அடுக்கு, பதிவுச்சொற்பட்டியல் என்று தொடர்களும் இடறாமல் அமையும். வாசகருக்காக அச்சில் தரும் வரிக்குப் பதவுரை அப்படியே இருக்கட்டும். ஆங்கிலத்தில் ஒன்றாகக் கிடப்பதைத் தமிழிலும் ஒன்றாகவே வைக்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

எழுதும் முறை பற்றியும் முடிவுசெய்ய வேண்டும். ஆங்கிலக் கட்டுரைகளில் இச்சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி வேறுபடுத்துவார்கள்; நம் எழுத்தில் அந்த வசதி இல்லாததால் [வீடு] என்று சதுர அடைப்பில் எழுதலாம். வினைகளைப் ‘போதல்’ என்று தொழிற்பெயராக எழுதாமல் [போ] என்று பகுதியை மட்டும் எழுதுவதே நல்லது. ஏவல் என்ற மயக்கத்தை அடைப்புக்குறி தடுத்துவிடும். ஒரே பொருளுக்கு இரு சைகைகள் இருந்தால் [வீடு1], [வீடு2] என்று எண்ணை இடைவெளியின்றி ஒட்டி எழுதவேண்டும், இல்லையேல் தேடலில் எண் தனியாகப் பிரிந்துபோகும்.

கைவடிவம் ஒரு வண்டியாகவும் அசைவு அதன் பாதையாகவும் அந்தந்த நேரத்தில் உருவாகும் சைகைகளுக்கு அகராதிப் பதிவே கிடையாது என்பதால் பதிவுச்சொல்லும் இருக்க வழியில்லை. அவற்றின் வகைப்பெயராக ‘உருக்காட்டுச் சைகை’ என்பதை எண்ணி வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.