2004-இல் வாங்கிய வைரத்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய கல் எடுக்கலாமா?

வெள்ளைமணி கேட்கிறார்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒற்றைக் கல் மோதிரம் ஒன்று இருக்கிறது, 2004-இல் வாங்கியது. கல்லின் எடை 0.71 கேரட், உருண்டை வெட்டு. வைரத்தைத் தரம் பார்த்துச் சான்று தரும் ஜிஐஏ அமைப்பின் தாளில் எச் கலர் (நிறத் தரம்), விஎஸ்2 (உள்ளே எவ்வளவு குறை என்ற தெளிவுத் தரம்), மிதமான நீல ஒளிர்வு (புற ஊதா ஒளியில் தெரிவது) என்று இருக்கிறது. வளையம் 18 கேரட் தங்கம், நான்கு கிராம். பில்லும் தாளும் ஒரே உறையில் பத்திரமாக இருக்கின்றன.

பில்லின் பின்பக்கம் 'வாழ்நாள் அப்கிரேட்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பழைய பில் தொகையை முழுதாகக் கழித்துக்கொள்வார்களாம், புதுக் கல்லின் விலை குறைந்தது அதைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டுமாம். சும்மா விசாரிக்கலாம் என்று அதே கடைக்குப் போனேன். விற்பனையாளர் மோதிரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் வெளியே வரும்வரை நான் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும், "உங்கள் சர்டிபிகேட்டில் கட் கிரேடே இல்லையே, கொஞ்சம் குறைத்துத்தான் எடுக்க முடியும்" என்றார். கட் கிரேடு என்றால் கல்லை எவ்வளவு நன்றாக வெட்டியிருக்கிறார்கள் என்ற தரமாம். பிறகு 1.01 கேரட், ஜி கலர், விஎஸ்1 கல் ஒன்றைக் காட்டினார், நிறத்திலும் தெளிவிலும் என்னுடையதைவிட ஒரு படி மேல். நல்ல வெளிச்சத்தில் பளிச்சென்றுதான் இருந்தது. கடையில் எந்தக் கல்தான் பளிச்சென்று இல்லை?

பில் தொகை முழுவதும் திரும்பக் கிடைப்பது உண்மையிலேயே லாபமா? 0.71-க்கும் 1.01-க்கும் விரலில் வித்தியாசம் தெரியுமா? கட் கிரேடு இல்லை என்று குறைப்பது நியாயமா? இன்னொன்று, இதைக் கேட்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. உள்ளே போய்த் திரும்பி வந்தது என் கல்தான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

கரிசல்:

தோழி, பழையதை விரலிலேயே விட்டுவிடுங்கள். பெரிய கல் ஆசைக்கு லேப் வைரம், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கார்பன்தான், அதே கடினம், அதே மினுக்கு. வெறும் கண்ணுக்கு யாராலும் சொல்ல முடியாது. அப்கிரேடுக்குக் கொடுக்கப்போகும் தொகையில் ஒரு சின்னப் பகுதியே போதும்.

பழைய லென்ஸ்:

கடைக்குத் திரும்பி வரும் கற்களைப் பார்த்து மதிப்புப் போடும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது அந்த வேலையில் இல்லை. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

கட் கிரேடு விஷயத்துக்குத் தலையாட்டாதீர்கள். ஜிஐஏ உருண்டைக் கல்லுக்குக் கட் கிரேடு கொடுக்க ஆரம்பித்ததே 2006-இல்தான். உங்கள் 2004 தாளில் அது இருந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்! ஆழம், டேபிள் (கல்லின் மேல் தட்டை முகம்) சதவீதம், பாலிஷ், சிமெட்ரி எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கும், அதை வைத்து யாரும் கல்லை எடை போடலாம். தவிர, அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்கு 'பில் தொகை முழுவதும்' என்பது. கட் கிரேடு வேண்டும் என்று அந்தப் பின்பக்கத்தில் ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கழிக்க அவர்களுக்கு வழியில்லை. இது பேரம் பேசுவதற்கான முதல் தட்டு, அவ்வளவுதான்.

சேதம் என்று சொன்னால் மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள், அது நியாயமான காரணம். மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. ஆனால் அந்த எண் கீறலைத் தாங்குவதைப் பற்றியது. வைரத்துக்கு நான்கு திசைகளில் பிளவுத் தளம், அதாவது எளிதில் பிளக்கும் தளம் உண்டு. விளிம்பில் சரியான கோணத்தில் ஒரு அடி பட்டால் சில்லு தெறித்துவிடும். பெரும்பாலும் கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிக்குப் பக்கத்தில்தான் நடக்கும், மாட்டியிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கல் 0.71. விலைப் படி மாறும் இடங்களில் 0.70-உம் ஒன்று, அதற்கு மேல் நீங்கள் நிற்பது ஒரே ஒரு செண்ட், அதாவது 2 மில்லிகிராம். சில்லை எடுக்க மறு பாலிஷ் போட்டு கல் 0.69 ஆகிவிட்டால் கேரட் விலையே வேறு. அதனால்தான் மதிப்புப் போடுகிறவன் முதலில் விளிம்பைச் சுற்றி வருகிறான்.

கல் உங்களுடையதுதானா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் தாளில் கல்லின் படம் வரைந்து குறிகள் போட்டிருக்கிறதா? பெரிய ரிப்போர்ட் என்றால் இருக்கும். சின்ன டோசியர் என்றால் படம் இருக்காது, ஆனால் ரிப்போர்ட் எண்ணை லேசரில் விளிம்பில் பொறித்திருப்பார்கள். எதுவாக இருந்தாலும் 10 மடங்கு லென்ஸ் போதும். விஎஸ்2 போன்ற தரங்களைத் தீர்மானிப்பதே 10 மடங்கில்தான். மோதிரத்தை வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து, மென்மையான பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். அடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் உள்ளே பார்க்க முடியும். பாதிப் பேர் கல் மங்கிவிட்டது என்று அப்கிரேடுக்கு வருவார்கள், கழுவிக் காட்டினால் திரும்பிப் போய்விடுவார்கள். (அதனால் எல்லாக் கடையிலும் கழுவிக் காட்ட மாட்டார்கள்.)

இனி லாபக் கணக்கு. பில்லில் உங்கள் கல்லுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். புதுக் கல் 200, கையிலிருந்து 100 கட்டுகிறீர்கள். 1.01, ஜி, விஎஸ்1, அதே கட் கிரேடு, அதே ஒளிர்வு உள்ள ஜிஐஏ கல் வெளியில் என்ன விலை என்று பாருங்கள். 170 என்றால், கடை 30 ஏற்றி வைத்திருக்கிறது. உங்கள் பழைய கல்லை வெளியில் விற்றால் 40 கிடைக்கிறது என்று வையுங்கள். அதை விற்று வெளியில் வாங்கினால் 130 செலவு. அப்போது அப்கிரேட்தான் லாபம். ஆனால் அதே கல் வெளியில் 130-க்கே கிடைத்தால் உங்களுக்கு ஆவது 90. கடையில் 100 கட்டுவது நஷ்டம். புதுக் கல்லில் அவர்கள் ஏற்றியிருப்பது, பழைய கல்லை வெளியில் விற்பதால் உங்களுக்கு ஆகும் நஷ்டத்தைவிடக் குறைவாக இருந்தால் கடையிலேயே மாற்றலாம். 'முழுத் தொகை' என்ற வார்த்தையை மறந்துவிட்டு இந்த இரண்டு எண்களைத் தேடுங்கள். புதுக் கல்லின் ரிப்போர்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

உங்கள் பில் 2004-ஆம் வருடத்துடையது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அன்றைய தொகையைத்தான் திருப்பித் தருகிறார்கள், விலைவாசி ஏறியதை அவர்கள் தாங்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வளையம். அவர்கள் பில் தொகை என்று சொல்வது கல்லுக்கு மட்டுமா, மோதிரம் முழுவதற்குமா? முழு மோதிரத்துக்கும் என்றால் கேட்கத் தாராளமாக இருக்கும், ஆனால் உங்கள் தங்கத்தை 2004 விலையில் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். அந்த வருடம் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் சராசரியாக 400 டாலரை ஒட்டி இருந்தது. 2025 அக்டோபரில் 4000 டாலரைத் தாண்டியது. நான்கு கிராம் 18 கேரட் என்றால் உள்ளே சுத்தத் தங்கம் மூன்று கிராம். அதை அன்றைய விலைக்கு விட்டுக்கொடுப்பானேன்? கல்லை மட்டும் கழற்றிக் கொடுங்கள். வளையத்தை வீட்டுக்குக் கொண்டு போங்கள், இல்லையென்றால் இன்றைய தங்க விலையில் தனியாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, சரியாக வெட்டிய 0.70 கல் சுமார் 5.7 மில்லிமீட்டர், ஒரு கேரட் சுமார் 6.5. குறுக்களவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மேலிருந்து பார்க்கும் பரப்பு 30 சதவீதம் கூடும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். தனியாகப் போட்டால் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிவது சந்தேகம்தான். எச்சுக்கும் ஜிக்கும், விஎஸ்2-க்கும் விஎஸ்1-க்கும் உள்ள வித்தியாசம் மோதிரத்தில் வெறும் கண்ணுக்குப் படவே படாது, ஆனால் விலையில் நன்றாகப் படும். நானாக இருந்தால் எச், விஎஸ்2-லேயே நின்று, அந்தப் பணத்தை எக்ஸலண்ட் கட்டுக்கும் அளவுக்கும் போடுவேன். மினுக்கைத் தருவது கட்தான்.

கரிசல் சொன்ன லேப் வைரம் பற்றி ஒரு வார்த்தை. கல் நல்ல கல்தான், போட்டுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் அதைப் பிற்பாடு அப்கிரேடுக்கு எடுக்கும் கடைகள் குறைவு, ஏனென்றால் அதன் விலை சில வருடங்களாக இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பெரிய வைர நிறுவனமான டி பீயர்ஸ் 2018-இல் லைட்பாக்ஸ் என்று லேப் வைர நகைகளை ஆரம்பித்து, 2025-இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. அதே 2025-இல் ஜிஐஏவும் லேப் கற்களுக்கு இயற்கைக் கல்லைப் போல் தனித்தனி கலர், கிளாரிட்டி கிரேடு கொடுப்பதை நிறுத்தி, பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்று இரண்டே வகையாகச் சொல்வதற்கு மாறியது. வாங்கினால் அணியத்தான் வாங்க வேண்டும்.

கரிசல்:

அணியத்தானே ஐயா நகை வாங்குகிறோம்? பூட்டி வைத்துத் திருப்பி விற்கவா?

பழைய லென்ஸ்:

நியாயம்தான். ஆனால் கேட்டவர் அப்கிரேட் பற்றியல்லவா கேட்டிருக்கிறார், அதனால் சொன்னேன்.

வெள்ளைமணி:

ரொம்ப நன்றி ஐயா. தாளில் படம் இருக்கிறது, சிவப்பிலும் பச்சையிலும் சின்னச் சின்னக் கோடுகள். தெரிந்தவர் ஒருவரிடம் லென்ஸ் இரவல் வாங்கினேன். நீங்கள் சொன்னபடி கழுவியதும் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ வந்தது, பார்க்கவே கூச்சமாக இருந்தது. படத்தில் நான்கு மணி இருக்கும் இடத்தில் சிவப்பாக இறகு மாதிரி ஒரு கீற்று போட்டிருக்கிறது. கல்லை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே இருந்தபோது, ஒரு கொக்கிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு மெல்லிய கீற்று தோன்றி உடனே மறைந்தது. திரும்பவும் சாய்த்தால் திரும்பவும் தெரிந்தது. என் கல்தான்! பச்சைக் குறி மட்டும் எவ்வளவு தேடியும் கண்ணில் படவில்லை.

பில்லையும் எடுத்துப் பார்த்தேன். கல் தனி வரி, தங்கமும் செய்கூலியும் தனி வரி. கடையில் சொன்னதோ மொத்தத் தொகைக்கு. நிபந்தனைகளில் கட் கிரேடு பற்றி ஒன்றுமே இல்லை. 'கல் சேதமின்றி, அசல் சான்றிதழுடன்' என்று மட்டும்தான் இருக்கிறது.

பழைய லென்ஸ்:

சிவப்பு என்றால் உள்ளே இருக்கும் குறை, பச்சை என்றால் மேற்பரப்பில் இருப்பது. பச்சை தெரியாததற்குக் கவலை வேண்டாம், கொக்கிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கல்லைக் கழற்றினால்தான் தெரியும். இறகு கொக்கிக்குப் பக்கத்தில் இருப்பதால், கழற்றுபவரிடம் முன்கூட்டியே அதைக் காட்டிவிடுங்கள். அந்த இடத்தில் அழுத்தினால் பெரிதாகலாம், பிறகு 'வந்தபோதே இப்படித்தான் இருந்தது' என்று பேச்சு வரும்.

அடுத்த முறை போகும்போது கல்லை உங்கள் கண்ணெதிரே கழற்றி, எடை போட்டு, 0.71 என்று ரசீதில் ரிப்போர்ட் எண்ணோடு எழுதி வாங்குங்கள். மோதிரத்தில் இருக்கும்போது எடையை உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். புதுக் கல்லுக்கும் அப்கிரேட் உண்டா, அதற்கும் இரு மடங்கு நிபந்தனையா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். சில கடைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மோதிரத்தைக் கொண்டுவந்து காட்டாவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வெள்ளைமணி:

வெளியில் விலை பார்த்தேன் ஐயா. நீங்கள் சொன்ன 100, 200 கணக்கில் வைத்தால் அதே தரத்துக்கு 165 வருகிறது. என் கல்லுக்கு ஒருவர் 45 தருவதாகச் சொன்னார், ஒருவர் 38. அப்படியென்றால் கடையிலேயே மாற்றுவதுதான் மேல் என்று படுகிறது. எச், விஎஸ்2-இல் எக்ஸலண்ட் கட் உள்ள கல்லாகக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அதற்கு விலை குறைவு என்பதால் இரு மடங்கு நிபந்தனையை எட்ட 1.10 வரை போகலாமாம். வளையத்தைக் கொடுக்கப்போவதில்லை என்று சொன்னதும் விற்பனையாளர் முகம் கொஞ்சம் சுருங்கியது. மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பழைய லென்ஸ்:

கேட்கட்டும். அவசரம் அவருக்குத்தான்.