கீமோ தொடங்கிய பின் மகனுக்கு மாறுகண்: மருந்தினால் வந்ததா?

கேள்வி (சிறுவனின் தாய்):
ஐந்து வயதாகும் என் மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்காக கீமோ நடந்து வருகிறது. வாரம் ஒன்றாகப் போடப்படும் வின்கிரிஸ்டின் ஊசியில் நான்காவது முடிந்த சில நாட்களில், அவனுடைய இடது கண் மூக்கை நோக்கித் திரும்பியிருப்பதைக் கவனித்தேன். டம்ளரை எடுக்கக் கை நீட்டுபவன் அதற்குப் பக்கத்தில் வெறும் மேசையைத் தொடுகிறான். தொலைக்காட்சி பார்க்கும்போது முகத்தை இடப்புறமாகத் திருப்பி வைத்துக்கொள்கிறான். நேற்று இரவு, "அம்மா, நீ ரெண்டா தெரியிற" என்றான். அடுத்த ஊசி வியாழக்கிழமை. அதுவரை காத்திருக்கலாமா? கண் மீண்டும் நேராகுமா?

பதில் 1 (குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்):
வியாழன் வரை காத்திருக்க வேண்டாம், அம்மா. இன்றே சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படும் வின்கிரிஸ்டின், நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. கால் தளர்வு, தாடை வலி, மலச்சிக்கல் ஆகியவை நாங்கள் அடிக்கடி காண்பவை. கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாவது மூளை நரம்பு தளர்ந்து மாறுகண் ஏற்படுவது அரிது, ஆனால் உண்டு. இருப்பினும், மருந்துதான் காரணம் என்று நாமாக முடிவு செய்துவிடக் கூடாது. புற்றுநோய் அணுக்கள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் பரவியிருந்தாலும், இதே நோய்க்குத் தரப்படும் இன்னொரு மருந்தான அஸ்பராஜினேஸின் விளைவாக மூளையின் ரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்பட்டிருந்தாலும் இதே அறிகுறி தோன்றலாம் என்பதால், எம்.ஆர்.ஐ. படமும் முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனையும் தேவைப்படலாம். தலைவலி, வாந்தி, வலிப்பு, வழக்கத்திற்கு மாறான தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இன்னொன்று: பூஞ்சைத் தொற்றுக்காக வோரிகோனசோல், இட்ரகோனசோல் போன்ற மருந்து ஏதேனும் தரப்படுகிறதா? இவை கல்லீரலில் வின்கிரிஸ்டின் சிதைவதைத் தடுத்து, அதன் நச்சுத்தன்மையைக் கூட்டிவிடும். எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பதில் 2 (இதே சிகிச்சை பெற்ற சிறுமியின் தந்தை):
என் மகளுக்கு முதலில் இமைகள் தொங்கின, பிறகு கண் விலகியது. பரிசோதனைகளில் வேறு காரணம் தென்படாததால், மருத்துவர்கள் வின்கிரிஸ்டினைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று மாதங்களில் கண் நேரானது. அந்த இடைவெளியில் குழந்தைகள் கண் மருத்துவரையும் கட்டாயம் பாருங்கள். இந்த வயதில் மூளை இரட்டைக் காட்சியைத் தவிர்ப்பதற்காக ஒரு கண்ணின் பார்வையையே ஒதுக்கிவிடக்கூடும் என்றும், அப்படி ஒதுக்கினால் கண் நேரான பின்னும் பார்வை மங்கியே இருக்கலாம் என்றும் எங்களுக்கு விளக்கினார்கள். அதனால் இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடினோம். ஒட்டுத்துணியைப் பிய்த்தெறிந்து அழுதவள், பொம்மையின் கண்ணுக்கும் ஒன்றை ஒட்டிய பிறகே அடங்கினாள். உறவினர் யாரும் குழந்தையின் காதுபட "ஒன்றரைக் கண்" என்று சொல்ல விடாதீர்கள். என் மகள் அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் தலை நிமிரவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மருத்துவர் இன்று மாலையே வரச் சொல்லியிருக்கிறார். சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பத்து நாட்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் எழுதித் தந்த வோரிகோனசோல் அதில் இருக்கிறது. அதை மேலே வைத்து எடுத்துச் செல்கிறேன்.