பார்க்கர் 51: இது பிளம் நிறமா, பர்கண்டியா? மையும் சரியாக ஏறவில்லை

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். பார்க்கர் 51 ஏரோமெட்ரிக் (உள்ளே இருக்கும் பட்டையை அழுத்தி மை நிரப்பும் பழைய ஊற்றுப்பேனா) ஒன்று கைக்கு வந்திருக்கிறது, பிளம் நிறம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆறு வருடமாக 51 சேர்க்கிறேன். கறுப்பு, டீல், நேவி கிரே, பர்கண்டி எல்லாம் இருக்கின்றன, பிளம் மட்டும் அகப்படாமலே இருந்தது, அதனால் பார்த்ததும் வாங்கிவிட்டேன். இரவில் மேஜை விளக்கின் கீழே பார்த்தால் அப்படியே பர்கண்டி. ஜன்னலோரம் கொண்டுபோனால் லேசாகக் கத்தரிப்பூ நிறம் தட்டுகிறது. படம் எடுத்தால் படத்துக்குப் படம் ஒரு நிறம்.

இன்னொன்று, பட்டையை ஆறு தடவை அழுத்தி நிரப்பினாலும் அரைப் பக்கம் எழுதுவதற்குள் மை தீர்ந்துபோகிறது. நிப்பை மூடியிருக்கும் ஹூடைக் கழற்றினால் இரண்டு சந்தேகமும் தீருமா?

பதில்: ஹூடில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து. அது அரக்கு வைத்து ஒட்டியது. சூடு காட்டினால்தான் இளகும், சூடு கொஞ்சம் கூடினால் லூசைட், அதாவது பேனாவின் பிளாஸ்டிக், வளைந்துவிடும். நிறம் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில், வெள்ளைத் தாள்மேல் இதையும் உங்களிடம் இருக்கும் பர்கண்டியையும் ஒட்டி வையுங்கள். தனியாகப் பார்த்தால் கண் ஏமாறும், பக்கத்தில் வைத்தால் ஏமாறாது. பர்கண்டியில் சிவப்பு தூக்கலாக இருக்கும், பிளமில் அந்தச் சிவப்புக்குள் நீலம் கலந்திருக்கும். மஞ்சள் விளக்கு அந்த நீலத்தைத்தான் முழுங்கிவிடுகிறது. படத்திலும் தாள் தெரிகிற மாதிரி எடுங்கள், தாள் வெள்ளையாக வந்தால்தான் படத்தை நம்பலாம்.

பதில்: நிறத்தோடு தேதிக் குறியையும் பாருங்கள். ஏரோமெட்ரிக் 1948-ல் வந்தது, அது வந்த புதிதில் கொஞ்ச காலம்தான் பிளம் போட்டார்கள், அதனால்தான் இவ்வளவு அரிது. அமெரிக்காவில் செய்த பேனா என்றால் பீப்பாயில் (மைப்பையை மூடும் பின்பக்க உடலில்) பொறித்த எழுத்தின் முடிவில் ஓர் இலக்கம் இருக்கும், அது வருடத்தின் கடைசி எண். பக்கத்தில் இருக்கும் புள்ளிகள் காலாண்டு: முதல் காலாண்டுக்கு மூன்று புள்ளி, அப்புறம் ஒவ்வொன்றாகக் குறையும், கடைசிக் காலாண்டில் புள்ளியே இருக்காது. எழுத்து தேய்ந்திருந்தால் சாக்பீஸ் பொடியை விரலால் தேய்த்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், எத்தனையோ நல்ல பேனாக்கள் அப்படித்தான் தேதியை இழந்திருக்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை: 2021-ல் வந்த புதிய 51-லும் பிளம் உண்டு. இணையத்தில் தேடினால் அந்தப் படங்கள்தான் வந்து நிற்கும். அது திருகு மூடி வைத்த வேறு பேனா, அதை வைத்து ஒப்பிடாதீர்கள்.

பதில்: மை ஏறாததற்கு என் அனுபவத்தில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மெல்லிய காற்றுக்குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆரம்ப கால ஏரோமெட்ரிக்கில் அது வெள்ளிக் குழாய், பழைய மை அதில் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து நிப்பை முக்கி அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் குமிழி வர வேண்டும். முதல் அழுத்தில் மட்டும் வந்து நின்றுவிட்டால் அடைப்பு. நிப் கீழே பார்க்க, குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க நிறுத்துங்கள், காலையில் அழுத்தி வெளியேற்றிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். மூன்று நான்கு நாள் பொறுமை வேண்டும். வெந்நீர் வேண்டாம். ஆல்கஹால் கலந்த எதுவும் கூடாது, லூசைட்டில் முடிபோல் விரிசல் விழும். மைப்பையை மூடியிருக்கும் உலோக உறையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம், அந்தப் பை இத்தனை வருடம் தாங்கியது, நாம் கிழித்தால்தான் கிழியும்.

கேட்டவர்: எல்லாருக்கும் நன்றி. நேற்று காலை தாள் விரித்து வைத்துப் பார்த்தேன். பீப்பாய் பர்கண்டி இல்லவே இல்லை, பக்கத்தில் வைத்ததும் நீலம் பளிச்சென்று பிரிந்து தெரிந்தது. சாக்பீஸ் பொடியில் 9-உம் ஒற்றைப் புள்ளியும் வந்தன, அப்படியானால் 1949 மூன்றாம் காலாண்டு. ஆனால் ஹூட் பீப்பாயோடு சேரவில்லை. அது என் பர்கண்டியோடுதான் சேர்கிறது. முதலில் என்னைக் குழப்பியதே இதுதான் என்று இப்போது புரிகிறது. மூன்றாம் நாள் டம்ளரில் கருநீலமாக ஒரு துணுக்கு விழுந்தது, அதற்கப்புறம் ஆறு அழுத்துக்கும் குமிழி வருகிறது. நேற்று நிரப்பி ஐந்து பக்கம் எழுதிவிட்டேன், இன்னும் தீரவில்லை. ஹூடுக்கு என்ன செய்யலாம்?

பதில்: பழுது பார்த்தவர் யாரோ கையில் கிடைத்த ஹூடைப் போட்டிருக்கிறார். 51-ல் இது அடிக்கடி நடப்பதுதான். பீப்பாய் உடைந்த பிளம் ஒன்று உதிரிப் பாகத்துக்காக எப்போதாவது விலைக்கு வரும், அதன் ஹூட் கிடைத்தால் மாற்றலாம், அந்த வேலையை மட்டும் 51 கழற்றிப் பழகியவரிடம் கொடுங்கள். இப்போது இருக்கும் ஹூடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேனாவை என்றைக்காவது கைமாற்றினால் பீப்பாய் பிளம், ஹூட் பர்கண்டி என்று எழுதியே கொடுங்கள், அடுத்தவர் உங்களைப் போல விளக்கடியில் உட்கார்ந்து குழம்ப வேண்டியிருக்காது.

கேட்டவர்: சரி அண்ணா. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், அந்தப் பேனாவாலேயே.